முப்பது லட்சமும் ஒரு லட்சமும்: யாருக்கான காப்பீடு?

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்ல விரும்பும் இந்தியர், விசா விண்ணப்பத்துடன் பயண மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தையும் இணைத்தாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் ஷெங்கன் விசா விதித்தொகுப்பு அதன் குறைந்தபட்சத் தொகையை 30,000 யூரோ என நிர்ணயித்துள்ளது. இந்திய மதிப்பில் இது ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய். இரண்டு வாரப் பயணத்துக்கே இந்த நிபந்தனை. ஆனால், வளைகுடாவில் இரண்டு மூன்று ஆண்டுகள் கொதிக்கும் வெயிலில் கட்டடம் எழுப்பச் செல்லும் தொழிலாளிக்கு இந்திய அரசு கட்டாயமாக்கியுள்ள காப்பீட்டில் மருத்துவச் செலவுக்கான உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய் மட்டுமே. அதிலும் ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் கிடையாது.

இந்த இடைவெளி தற்செயலானதன்று. இரண்டு நிபந்தனைகளும் யாருடைய நலனை மனதில் கொண்டு வகுக்கப்பட்டன என்பதை அது காட்டுகிறது.

ஐரோப்பா கேட்கும் காப்பீடு அவசர சிகிச்சை, மருத்துவக் காரணங்களுக்காகத் தாயகம் திருப்பி அனுப்புதல், மரணம் ஆகியவற்றுக்கான செலவுகளை ஈடுகட்டுகிறது. வந்தவரின் நோய் தம் கருவூலத்தின் செலவாகிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். விசா இல்லாமலே நுழையும் அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் இந்த விதித்தொகுப்பின் நிபந்தனை பொருந்தாது. அவர்களுக்கு நோய் வராதா? ஏழை நாட்டு மக்களை மட்டும் வரும்போதே சுமையாகக் கருதும் ஏகாதிபத்தியப் பார்வை இது. 2024இல் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்த இந்தியர்கள் சுமார் 11 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 1.65 லட்சம் பேர் நிராகரிக்கப்பட்டனர். அவர்கள் செலுத்திய விசா கட்டணம் திரும்பி வராது.

ஆயினும், தன் கருவூலத்தைக் காக்க ஐரோப்பா 30 லட்சம் கேட்கிறது. தன் குடிமக்களைக் காக்க இந்திய அரசு கேட்பது எவ்வளவு?

பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி அரசின் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். 2003இல் தொடங்கி 2017இல் திருத்தப்பட்ட இத்திட்டத்தின்படி, விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பகலெல்லாம் வெயிலில் உழைத்துவிட்டு இரவில் தொழிலாளர் முகாமில் மாரடைப்பால் இறப்பவரின் மரணம் ‘விபத்து’ ஆகாது. அவரது குடும்பத்துக்கு இந்த 10 லட்சம் இல்லை.

பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இக்காப்பீடு கட்டாயமில்லை. விசிட் விசாவில் அழைத்துச் செல்லப்பட்டு வேலையில் அமர்த்தப்படுபவரோ முற்றிலும் வெளியே நிற்கிறார். புறப்படும் முன் மருத்துவப் பரிசோதனை நடத்தி, நோயற்ற உடல்களை மட்டும் பொறுக்கி எடுக்கின்றன வளைகுடா நாடுகள். அந்த உடல் பழுதாகித் திரும்பும்போது, ஒப்பந்தமும் காப்பீடும் முடிந்த நிலையில், செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் என்ற பிரீமியத்துக்கு இதற்குமேல் எப்படித் தர இயலும் என்று அரசுத் தரப்பு வாதிடலாம். பிரீமியத்தைத் தொழிலாளி ஏன் கட்ட வேண்டும் என்பதே இதற்கான பதில் கேள்வி. துபாயின் 2013ஆம் ஆண்டு சட்டமே தொழிலாளியின் மருத்துவக் காப்பீட்டுச் செலவை முதலாளியின் பொறுப்பாக்கியுள்ளது. உழைப்பை வாங்குபவனே அதன் இடரையும் ஏற்க வேண்டும் என்ற இக்கோட்பாட்டை மற்ற நாடுகளுடனான ஒப்பந்தங்களிலும் வலியுறுத்துவதற்கு ஒன்றிய அரசுக்கு என்ன தடை? புலம்பெயர்ந்த இந்தியர்கள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலருக்கும் மேல் நாட்டுக்கு அனுப்புகிறார்கள். இன்சூரன்ஸ் துறையில் அந்நிய முதலீட்டு வரம்பை 2015இல் 49 சதவீதமாகவும் 2021இல் 74 சதவீதமாகவும் உயர்த்தி, 2025 பட்ஜெட்டில் 100 சதவீதம் என அறிவித்தது மோடி அரசு. மூலதனத்துக்கான வரம்பை உயர்த்த ஓயாது துடிக்கும் அரசுக்குத் தொழிலாளியின் சிகிச்சைக்கான வரம்பு கண்ணில் படவில்லை.

போராடினால் நிபந்தனைகள் மாறும் என்பதற்குப் பிரிட்டனே சான்று. அங்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா கோருவோர், வரி செலுத்தினாலும், தனியாக ஆண்டுதோறும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 2015இல் 200 பவுண்டாக இருந்த அது 2024இல் 1,035 பவுண்டாக உயர்ந்தது. கொரோனா நோயாளிகளைக் காத்த இந்திய, பிலிப்பைன்ஸ் செவிலியர்களும் இதைக் கட்டினார்கள். 2020 மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் எதிர்க்கட்சிகளும் கொடுத்த நெருக்குதலால், சுகாதார, பராமரிப்புப் பணியாளர்களுக்கு விலக்களிக்க ஜான்சன் அரசு பணிந்தது.

இங்கும் அத்தகைய நெருக்குதலே தேவை. வேலைக்காக வெளிநாடு செல்லும் அனைவருக்கும், பத்தாம் வகுப்பு என்ற வேலியின்றி, காப்பீடு கட்டாயமாக்கப்பட வேண்டும். இயற்கை மரணமும் தொழில்சார் நோய்களும் அதில் சேர்க்கப்பட வேண்டும். மருத்துவ வரம்பு ஐரோப்பா கேட்கும் தொகைக்குக் குறையக் கூடாது. பிரீமியத்தை முதலாளி செலுத்த வேண்டும்; திட்டத்தைப் பொதுத்துறை காப்பீட்டு நிறுவனங்களே நடத்த வேண்டும். தாயகம் திரும்பிய பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குச் சிகிச்சை உறுதி செய்யப்பட வேண்டும்.

விமான நிலையத்தைக் கடந்தவுடன் தொழிலாளி வர்க்கத்தின் பட்டியலிலிருந்து எவரும் நீங்கிவிடுவதில்லை. வெளிநாடு சென்றவரின் குடும்பம் ஒவ்வொரு கிளையின் எல்லைக்குள்ளும் இருக்கிறது. அந்த வீடுகளுக்குச் சென்று, இந்தக் கோரிக்கைகளை அவர்களின் கோரிக்கைகளாக்கித் திரட்டுவதே கட்சி அணிகளின் உடனடிக் கடமை.