மூன்று வயதுக் கையில் எதற்குப் பென்சில்?

என் தங்கை மகளின் பெண் குழந்தைக்கு மூன்றரை வயது. ப்ரீகேஜி போகிறாள். போன வாரம் அவளுடைய பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. குழந்தை வீட்டில் அதிகம் விளையாடுகிறாள், எழுத்தில் பின்தங்கியிருக்கிறாள், தினமும் இரண்டு பக்கம் எழுத வையுங்கள் என்று. கூடவே ஒரு நாலுகோட்டு நோட்டு. ஒரு பக்கம் முழுக்க ஸ்டாண்டிங் லைன், அடுத்த பக்கம் முழுக்க ஸ்லீப்பிங் லைன். அந்தக் குழந்தை ஒவ்வொரு கோட்டையும் பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு போடுகிறாள். ஐந்தாவது கோட்டில் கை வலிக்கிறது என்று அழுகிறாள்.

நான் அவளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கிப் போயிருந்தேன். சந்தைக்குப் போன கோழியின் கதை. மாப்பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்தார். "இதுல படிக்க என்ன இருக்கு அத்தை? பக்கத்துக்கு ஒரு வரிதான் இருக்கு. அடுத்த தடவை கர்சிவ் ரைட்டிங் நோட்டா வாங்கிட்டு வாங்க" என்றார். தங்கை மகள் என்னைத் தனியே அழைத்து, "பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க, எழுதாமப் போனா மிஸ் இவளைத் திட்டுறாங்க" என்றாள். படித்த பிள்ளைகள் இருவரும். நல்ல பெற்றோர். அதனால்தான் எனக்குக் கோபம் தாங்கவில்லை.

விளையாட்டு வேறு, படிப்பு வேறு. படக்கதை பொழுதுபோக்கு, நோட்டில் எழுதுவதுதான் கல்வி. இந்த எண்ணம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கிறது. இது தவறு. ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய கேடு செய்யும் வேறொரு நம்பிக்கை எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். மனித மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எட்டும் குருத்தெலும்பு. அதன்பின் ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. கடைசியாக வருவது பத்து வயதை ஒட்டித்தான் உருவாகும். மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் எட்டில் மூன்றோ நான்கோ மட்டுமே தெரியும். விரல்களை நுணுக்கமாக நகர்த்தும் தசைகளும் அப்போதுதான் வலுவாகிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கைக்கு வேண்டியது மாவு பிசைவது, மண்ணைக் குழைப்பது, பட்டாணி உரிப்பது, மணி கோப்பது, கயிற்றைப் பிடித்துத் தொங்குவது. இவற்றைச் செய்த கை ஐந்து, ஆறு வயதில் பென்சிலைத் தானாகச் சரியாகப் பிடிக்கும். இவற்றைப் பறித்துவிட்டு மூன்று வயதில் கோடு போட வைப்பது எப்படிக் கல்வியாகும்?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். திண்ணைப் பள்ளியில் குழந்தை முதலில் மணலில் விரலால் எழுதியது. பெரிய எழுத்து, முழுக் கையும் அசையும், தப்பினால் தடவி அழித்துவிடலாம், சிவப்பு மைக்கு அங்கே இடமில்லை. எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் காப்பகத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றுப் பரவியது. நம் மணலைப் பார்த்து அவர்கள் கற்றார்கள். நாம் அந்த மணலைக் கூட்டி வெளியே கொட்டிவிட்டு நாலுகோட்டு நோட்டை வாங்கினோம்.

சரி, எழுத்தை விடுங்கள், கணக்கு வேண்டாமா என்று கேட்பார்கள். அவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்: பல்லாங்குழி.

பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியில் இருப்பதை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். இந்த 'ஒவ்வொன்றாக' என்பதுதான் எண்ணறிவின் அடித்தளம். ஒரு பொருளுக்கு ஒரு எண், ஒரு குழிக்கு ஒரு கொட்டை. ஒன்றிலிருந்து நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் எல்கேஜி குழந்தையிடம் தட்டில் இருக்கும் ஏழு முறுக்கை எண்ணச் சொல்லுங்கள். வாய் பத்தைத் தாண்டும், விரல் இன்னும் நாலாவது முறுக்கில் நிற்கும். ஒப்பித்தது அதன் நாக்கு மட்டும்தான். பல்லாங்குழி ஆடிய குழந்தைக்கு இந்தத் தடுமாற்றம் வருவதில்லை. அதன் விரலுக்கும் எண்ணுக்கும் ஏற்கெனவே பழக்கம் உண்டு.

ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு கொட்டை சேர்ந்தால் அது 'பசு'. உடனே எடுத்துக்கொள்ள வேண்டும், கவனிக்காவிட்டால் போயிற்று. எண்ணிப் பார்க்க நேரமில்லை. பார்த்தவுடன் நான்கு என்று கண் சொல்ல வேண்டும். எந்த ஒர்க்ஷீட் இதைச் சொல்லித்தரும்? அடுத்து, கையில் இருக்கும் கொட்டை எந்தக் குழியில் முடியும், அதற்கடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து அதற்கப்பால் உள்ளதை அள்ளலாமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். நாலு வயதில் இது வராது. ஆறு வயதில் வரும். யாரும் பாடம் எடுக்காமல், தோற்றுத் தோற்று வரும்.

முதல் ஆட்டம் முடிந்து ஒருவரிடம் 33 கொட்டை இருக்கிறது என்று வையுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவர் குழிக்கு ஐந்தாக நிரப்ப வேண்டும். ஆறு குழி நிரம்பும், மூன்று கொட்டை மிஞ்சும். இதற்குப் பெயர் வகுத்தல், மீதி. பள்ளிப் பாடத்தில் அது வருவதற்கு வெகு காலம் முன்பே, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டியோடு உட்கார்ந்து, பலகாரம் தின்றபடி குழந்தை இதைச் செய்து முடித்துவிடுகிறது. (மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையிடம் கொட்டையைக் கொடுக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும். அதற்குமேல் ஆனாலும் பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காருவதுதான் இதில் முக்கியம்.)

பல்லாங்குழியைப் பெண்பிள்ளை ஆட்டம் என்று ஒதுக்கிவைத்தோமே, அது இன்னொரு அநியாயம். பையன் சொப்புச் சாமானைத் தொட்டால் அப்பாவுக்கு முகம் சுருங்குகிறது. ஒரு படி அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், வந்த விருந்தாளிக்கு எத்தனை தட்டு, யாருக்கு முதலில் பரிமாறுவது. அளவு, பங்கீடு, வரிசை, பேச்சு எல்லாம் அந்தச் சின்ன அடுப்பில் இருக்கிறது. பாதிக் குழந்தைகளுக்கு அதை ஆண்மை என்ற பெயரில் மறுத்துவிட்டு, பிறகு அவர்களுக்கு அபாகஸ் வகுப்புக்குக் கட்டணம் கட்டுகிறோம்.

இப்போது மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். படக்கதையில் படிக்க என்ன இருக்கிறது?

அந்தக் கோழிப் புத்தகத்தையே எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துக்கு ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியைச் சுற்றி ஒரு சந்தையே வரையப்பட்டிருக்கிறது. தராசு, சாக்கு, பூசணி, கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் நாய். குழந்தை மடியில் உட்கார்ந்து விரலை வைத்து "இது என்ன?" என்கிறது. நாம் சொல்கிறோம். அடுத்த நாள் நாம் கேட்கிறோம், அது சொல்கிறது. மூன்றாம் நாள், கோழி ஏன் கூடைக்குள் ஒளிந்தது என்று கேட்டால் அது ஒரு காரணம் கண்டுபிடிக்கிறது. புத்தகத்தில் இல்லாத காரணம். ஏன், எதனால், அப்புறம் என்ன என்று யோசிக்கும் மனம் அங்கே திறந்துகொள்கிறது. பக்கத்தை எந்தப் பக்கமிருந்து திருப்புவது, எழுத்து இடமிருந்து வலமாக ஓடுவது, கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும்தான் அம்மா வாயில் கதையாகின்றன என்பது, இவையெல்லாம் யாரும் சொல்லாமல் விளங்குகின்றன. எழுத்து என்றால் என்ன, அது எதற்கு என்று தெரிந்த பிறகு எழுத்தைக் கற்கும் குழந்தையும், எதற்கென்றே தெரியாமல் ஸ்லீப்பிங் லைன் போடும் குழந்தையும் ஒன்றா?

ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்கிறாள், போரடிக்கிறது என்று தங்கை மகள் அலுத்துக்கொண்டாள். கேட்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்து, அது வரும்போது கைதட்டுவதுதான் அந்த வயதின் வாசிப்பு. நாம் ஒரு சொல்லை மாற்றிப் படித்தால் "தப்பு, தப்பு!" என்று திருத்துகிறாளே, அதுவே தேர்வு. மதிப்பெண் போட ஆள் வேண்டாம்.

வாங்கக் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. சென்னையிலேயே தூலிகா, தாரா என்று குழந்தைகள் பதிப்பகங்கள் இருக்கின்றன. தாரா 2013இல் இத்தாலியின் போலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் ஆசியாவின் சிறந்த குழந்தைகள் பதிப்பகத்துக்கான பரிசையே வாங்கியது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு இல்லாதவர் வீட்டிலும் பழைய காலண்டர் படம் இருக்கும், கல்யாணப் பத்திரிகை அட்டை இருக்கும். வெட்டி ஒட்டிக் கதை சொன்னால் அதுவும் புத்தகம்தான்.

பாரதியார் நாளில் குழந்தைக்கு முண்டாசு கட்டி, மை தொட்டு மீசை வரைந்து மேடையேற்றும் பள்ளிகள்தான் இந்த நோட்டையும் அனுப்புகின்றன. பாப்பாவுக்கென்று அவர் எழுதிய பாட்டு விளையாடச் சொல்லித்தான் தொடங்குகிறது. அதை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்துப் பரிசு கொடுத்துவிட்டு, மறுநாள் டைரியில் 'வீட்டில் அதிகம் விளையாடுகிறாள்' என்று எழுத இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

பரிந்துரையும் தீர்ப்பும் நம் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் படிப்புச் சுமையை ஆராய்ந்த யஷ்பால் குழு 1993இலேயே நர்சரிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று சொன்னது. 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. இரண்டாம் வகுப்புக்கே கூடாது என்றால் ப்ரீகேஜிக்கு எங்கிருந்து வந்தது? 2020இன் தேசியக் கல்விக் கொள்கையோடு ஆயிரம் விஷயத்தில் சண்டை போடலாம், நானும் போடுவேன். ஆனால் மூன்று வயதிலிருந்து விளையாட்டு வழியாகத்தான் கல்வி என்பதை அதுவும் ஒப்புக்கொள்கிறது. நம் அரசுப் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளில் 2022இலிருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டு, பொம்மை, அட்டை, ஆட்டம் என்று வகுப்பு நடக்கிறது. கட்டணம் இல்லாத இடத்தில் குழந்தை ஆடிப் பாடிக் கற்கிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய இடத்தில் கை வலிக்க அழுகிறது. இதைத்தான் தரம் என்று நம்புகிறோம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் சோதனை எதுவும் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தக் காவல்கூட இல்லை. அதனால்தான் இந்த நேர்காணல் கடைகள் அந்த வயதில் வந்து குந்துகின்றன.

நோட்டை மூடியதும் அடுத்து என்ன வருகிறது தெரியுமா? கைபேசி. எழுதி முடித்தால் ரைம்ஸ் போட்டுத் தருகிறேன் என்ற பேரம். நோட்டு படிப்பு, கைபேசி பரிசு. நடுவில் இருந்த விளையாட்டைக் காணோம். திரையில் ஓடும் பாட்டு குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது, அதன் முகத்தைப் பார்க்காது, 'பசு' எடுக்க மறந்தால் தொடையில் தட்டி நினைவூட்டாது. பல்லாங்குழியில் எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் கிடைக்காததுதான் இன்றைய குழந்தையின் பெரிய பஞ்சம். அப்பாக்களைத்தான் முதலில் சொல்கிறேன். வீட்டுப்பாடத்துக்கு அம்மா, கதைக்கு அம்மா, டைரியில் திட்டு வாங்கவும் அம்மா. இரவு பத்து நிமிடம் குழந்தையை மடியில் வைத்து ஒரு கோழிக் கதை வாசிக்க அப்பாவுக்கு எந்த அலுவலகம் தடை போட்டது?

வீட்டில் புத்தகம் இருந்தும் குழந்தை கைக்கு எட்டாமல் ஷோகேஸின் மேல் தட்டில் வைக்கிறார்கள், கிழித்துவிடுமாம். கீழே இறக்கி வையுங்கள். அம்புலிமாமா 1947இல் வந்தது, கோகுலம் 1972இல் வந்தது. இரண்டுமே இன்று கடையில் இல்லை. ஒரு தலைமுறைக்குக் கதை சொன்ன இதழ்கள் போனபோது எத்தனை வீடுகளில் அதைக் கவனித்தார்கள்? எங்கள் பகுதி நூலகத்தில் குழந்தைகள் புத்தகம் ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. கண்ணாடிக் கதவு, பூட்டு. கேட்டால் சின்னப் பிள்ளைகள் பாழாக்கிவிடுவார்கள் என்று பதில். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று நாம்தான் கட்டுகிறோம். அந்தக் காசில் வாங்கிய புத்தகங்கள் அவை. குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய், பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த வாரம் திறக்கவில்லை என்றால் அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள். பக்கம் கிழிந்தால் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம்.