தள்ளுபடி கொடுத்ததற்கு அபராதம்

பெங்களூருவில் வாடகைக் கார் ஓட்டும் தோழர் ஒருவர், பத்தாண்டுகளுக்கு மேல் பிறருடைய வண்டியை ஓட்டிய பின், கடன் பெற்றுச் சொந்தமாக ஒரு வண்டி வாங்க முடிவு செய்தார். ஷோரூமில் கொடுத்த கொட்டேஷன் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சங்க அலுவலகத்துக்கு வந்தார். முதல் நான்கு வரிகள் புரிந்தன: ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு. அதற்குக் கீழே இருந்தவைதான் அவரை உறுத்தின. ‘ஹேண்ட்லிங் கட்டணம்’ என்று ஒரு வரி. ‘அவசியத் துணைப்பொருட்கள்’ என்று ஒரு வரி. அடிப்பாகப் பூச்சு, கூடுதல் உத்தரவாதம், இதர செலவு என்று மேலும் சில. “கையாளும் கட்டணம் என்றால் யார் எதைக் கையாள்கிறார்கள் தோழர்?” என்று கேட்டார். அலுவலகத்தில் இருந்த எவருக்கும் பதில் தெரியவில்லை.

கார் வாங்குவது வசதி படைத்தவர்களின் பிரச்சினை, அதற்கு நமது ஏட்டில் இடம் எதற்கு என்று தோழர்கள் சிலர் நினைக்கக்கூடும். நானும் அப்படி நினைத்திருந்தவன்தான். ஆனால் நாட்டில் விற்பனையாகும் கார்களில் ஒரு பகுதி, ஓட்டிப் பிழைப்பதற்காகக் கடன் வாங்கி வாங்கப்படுபவை. அந்த ஷோரூமில் சீருடை அணிந்து நின்று அதை விற்பவரும் கூலிக்கு உழைப்பவரே. இந்த இருவருக்கும் நடுவே உள்ள மேசையின் மீது வைக்கப்படும் தாளில் எழுதப்படுவதெல்லாம் அந்த இருவருமே தீர்மானிக்காதவை.

முதலில் அந்த வரிகளைப் பார்ப்போம். தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரை வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியது. பதிவுக்கான அரசுக் கட்டணமும் சாலை வரியும் தனியாகக் காட்டப்படுகின்றன. ஆகவே ஹேண்ட்லிங் கட்டணம் என்பது எந்தச் சேவைக்கும் ஈடாக வாங்கப்படும் தொகை அல்ல. இதை வாங்கக்கூடாது என்று சில மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகள் சுற்றறிக்கை விட்டுள்ளன. சுற்றறிக்கை வந்த சில வாரங்களில் அதே தொகை வேறு பெயரில் தாளில் ஏறிவிடுகிறது என்பதே அனுபவம். உயர் பாதுகாப்பு எண் பலகைக்கென்று தனித் தொகை கேட்கும் இடங்களும் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வாகனங்களுக்கு அந்தப் பலகையை உற்பத்தி நிறுவனமே வண்டியோடு சேர்த்து வழங்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி.

காப்பீடு இன்னும் முக்கியமானது. ஷோரூமில் காட்டும் காப்பீட்டையே எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. வெளியில் எடுத்த காப்பீட்டைக் கொண்டு வந்தால், பெற்றுக்கொண்டு வண்டியைப் பதிவுக்கு அனுப்பியாக வேண்டும். கடனும் அப்படியே. ஷோரூமுக்குள் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் வங்கிப் பிரதிநிதியிடம்தான் கடன் பெற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வண்டி வாங்கும் ஆசிரியர், வங்கி ஊழியர் தோழர்களுக்கு ஒரு சொல்: அங்கு பிடிக்கப்படும் ஒரு விழுக்காடு வரி உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டிய பணம். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ‘ஷோரூம்காரர்கள் கொள்ளைக்காரர்கள், நுகர்வோர் விழிப்போடு இருக்க வேண்டும்’ என்று முடித்துக்கொள்வது எளிது. நாளேடுகளின் வணிகப் பக்கங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் அந்த வரிகள் ஏன் தாளில் ஏறுகின்றன என்ற கேள்வி அங்கே கேட்கப்படுவதில்லை.

மாருதி சுசூகி நிறுவனத்தின் விவகாரம் இதற்கு ஒரு திறவுகோல். நாட்டில் விற்கும் கார்களில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டைத் தன் வசம் வைத்திருக்கும் நிறுவனம் அது. 2017இல் அதன் விற்பனையாளர் ஒருவர் பெயர் வெளியிடாமல் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நிறுவனம் ‘தள்ளுபடிக் கட்டுப்பாட்டுக் கொள்கை’ ஒன்றை வைத்திருக்கிறது, தான் அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் குறைத்து விற்க விடுவதில்லை என்பது அந்தப் புகார். ஆணையம் விசாரித்தது. 2021 ஆகஸ்டில் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது.

அபராதத் தொகையைவிட, ஆணையத்தின் உத்தரவு விவரிக்கும் நடைமுறைதான் தோழர்கள் கவனிக்க வேண்டியது. வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை ஷோரூம்களுக்கு அனுப்புவதற்கென்றே முகமைகள் அமர்த்தப்பட்டன. அவர்கள் பேரம் பேசுவார்கள். பேச்சைப் பதிவு செய்வார்கள். விற்பனையாளர் கூடுதல் தள்ளுபடி தர ஒப்புக்கொண்டால், ஒலிப்பதிவைச் சான்றாக வைத்து விளக்கம் கேட்கப்படும். விளக்கம் நிறைவளிக்காவிட்டால் அபராதம். அந்த அபராதம் டீலர் நிறுவனத்தின் மீது மட்டும் விழவில்லை. விற்பனைப் பிரதிநிதி, குழுத் தலைவர், ஷோரூம் மேலாளர் என்று தனிநபர்கள் மீதும் விழுந்தது. சில நேரங்களில் வண்டிகள் அனுப்புவதை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலும் இருந்தது. வசூலான அபராதப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதையும் உற்பத்தி நிறுவனமே கட்டளையிட்டது என்று ஆணையம் பதிவு செய்திருக்கிறது.

வாடிக்கையாளர் மீது இரக்கப்பட்டோ, மாத இலக்கை முடிக்கும் அவசரத்திலோ, சில ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்த ஒரு விற்பனைப் பிரதிநிதி தன் கூலியிலிருந்து அபராதம் கட்டும் நாடு இது. சுதந்திரச் சந்தையின் அருமை பெருமைகளைப் பேசுகிறவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று அறிய ஆவல்.

இனி கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கு. 2011இல் புதிய வண்டி என்று பணம் கட்டிய ஒருவரிடம், 2009இல் தயாரான, 622 கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடியிருந்த வண்டி ஒப்படைக்கப்பட்டது. நுகர்வோர் மன்றங்கள் டீலரையும் உற்பத்தியாளரான டாடா மோட்டார்ஸையும் பொறுப்பாக்கின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே உள்ளது இரண்டு சுயேச்சையான வணிகர்களின் உறவு. டீலர் செய்தது உற்பத்தியாளருக்குத் தெரியும் என்று நிறுவப்படவில்லை. ஆகவே உற்பத்தியாளர் பொறுப்பல்ல என்று 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் எழுத்துப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண நான் முயலவில்லை. ஆனால் அதே ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆவணங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்துப் பாருங்கள். நிறுவனங்கள் வேறு, ஏற்பாடு ஒன்றே. வாடிக்கையாளர் கையில் என்ன விலை போய்ச் சேர வேண்டும் என்பதை ஒலிப்பதிவுக் கருவி வைத்துக் கண்காணிக்கும் அளவுக்கு டீலர் என்பவர் உற்பத்தியாளரின் கைப்பாவை. ஏமாற்றப்பட்டவர் நியாயம் கேட்டு வந்தால், அதே டீலர் உற்பத்தியாளரோடு தொடர்பற்ற சுயேச்சை வணிகர். அதிகாரம் மேலே, பொறுப்பு கீழே.

மாத முதல் நாளில் நாளேடுகளில் வரும் கார் ‘விற்பனை’ எண்ணிக்கையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக நிறுவனங்கள் அறிவித்து வருவது மக்களுக்கு விற்ற வண்டிகளின் கணக்கை அல்ல, டீலர்களுக்கு அனுப்பிய வண்டிகளின் கணக்கை. டீலர் வங்கிக் கடன் வாங்கி நிறுவனத்துக்குப் பணத்தைக் கட்டிவிடுகிறார், வண்டி அவருடைய கிடங்கில் வெயிலில் காய்கிறது, வட்டி ஓடுகிறது. 2024 செப்டம்பர் இறுதியில் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குச் சமமான வண்டிகள், ஏறத்தாழ 79,000 கோடி ரூபாய் மதிப்புள்ளவை, விற்காமல் தேங்கிக் கிடந்ததாக வாகன டீலர்கள் சங்கங்களின் சம்மேளனம் தெரிவித்தது. விலையில் கை வைக்க முடியாது. அனுப்பிய சரக்கை மறுக்க முடியாது. வட்டியும் கட்ட வேண்டும். அந்த நெருக்குதல்தான் ஹேண்ட்லிங் கட்டணமாகவும், காப்பீட்டுக் கமிஷனாகவும், வேண்டாத மிதியடியாகவும் நமது தோழரின் கொட்டேஷன் தாளில் வந்து இறங்குகிறது. வண்டியின் அடிச்சட்ட எண்ணிலிருந்து அது தயாரான மாதத்தையும் ஆண்டையும் அறிய முடியும்; பணம் கட்டுமுன் அதைக் கேட்டுப் பெறுவது, கிடங்கில் கிடந்த பழைய வண்டி தலையில் கட்டப்படாமல் இருக்க உதவும்.

டீலர்களுக்காகக் கண்ணீர் வடிப்பது என் நோக்கமல்ல. அவர்களும் முதலாளிகளே, பெரிய டீலர்கள் பல மாநிலங்களில் கிளை பரப்பியவர்கள். நெருக்கடி வரும்போது அவர்கள் முதலில் வெட்டுவது ஊழியர்களைத்தான். 2019இல் விற்பனை சரிந்தபோது மூன்றே மாதங்களில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஷோரூம் ஊழியர்கள் வேலையிழந்ததாக அவர்களது சம்மேளனமே கூறியது. 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்திய விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு, சனந்திலும் சென்னைக்கு அருகே மறைமலை நகரிலும் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலை நகர்த் தொழிலாளர்கள் நல்ல ஈட்டுத்தொகை கேட்டுப் போராடினார்கள், செய்தி வந்தது, நாமும் எழுதினோம். அந்த நிறுவனத்தின் ஷோரூம்களிலும் பணிமனைகளிலும் பணியாற்றிய பல்லாயிரம் பேரைப் பற்றி யார் எழுதினார்கள்? அவர்கள் ஃபோர்டின் தொழிலாளர்கள் அல்லர் என்று கணக்கிலிருந்தே விடுபட்டுப் போனார்கள்.

இங்கே நமது இயக்கமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. மானேசரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை வாயில்களில் செங்கொடி ஏற்ற நாம் கொடுத்த விலை சிறிதல்ல. ஆனால் அங்கே தயாராகும் வண்டியை விற்கும் இளைஞர்களை நாம் தொழிலாளர்களாகப் பார்த்தோமா? கழுத்துப்பட்டையும் பளபளப்பான காலணியும் நம் கண்ணை மறைத்துவிட்டன. 1976ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டத்தை மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் போராடிப் பெற்றார்கள். நியமன ஆணை, விடுப்பு, தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு ஆகியவற்றை அது அளித்தது. 2011இல் அந்தச் சட்டம் மேலும் சில தொழில்களுக்கு விரிவாக்கப்பட்டது. அவற்றில் மோட்டார் வாகனத் தொழிலும் ஒன்று. நமது சங்கங்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? தெரிந்து செயலில் இறங்கும் முன்பே, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தச் சட்டத்தை விழுங்கிவிட்டன.

குத்தகை முறையைப் பற்றியும் ஒரு சொல். மாதச் சம்பளக்காரர்களுக்கு நிறுவனம் எடுத்துத் தரும் குத்தகைக் கார் வரிச் சலுகைக்கான ஏற்பாடு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டுநர்களிடம் வந்த குத்தகை வேறு. ஓலாவும் ஊபரும், கடன் பெறத் தகுதியில்லாத ஓட்டுநர்களுக்கு வண்டியைக் குத்தகைக்குத் தந்தன. முன்பணம் கட்டி, நாள்தோறும் வாடகை கட்டி, பிறகு வண்டி உனக்கே என்று சொல்லப்பட்டது. ஊக்கத்தொகை குறைக்கப்பட்டதும் நாள் வாடகைக்கே பதினான்கு மணி நேரம் ஓட்ட வேண்டியதாயிற்று. 2017 பிப்ரவரியில் தில்லி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்குத் தவணைச் சுமையும் வருமானச் சரிவுமே காரணங்கள். 2020 பொதுமுடக்கத்தில் பலர் வண்டியைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தனர்.

டீலர்கள் தங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் கேட்கிறார்கள். வரட்டும். ஆனால் அந்தச் சட்டத்தில், ஷோரூமில் நடக்கும் மோசடிக்கு உற்பத்தி நிறுவனமும் கூட்டுப் பொறுப்பு என்பது எழுதப்பட வேண்டும். நிறுவனம் வெளியேறினால் ஷோரூம் ஊழியருக்கும் ஈட்டுத்தொகை உண்டு என்பது எழுதப்பட வேண்டும். விற்பனைப் பிரதிநிதியின் கூலியில் எவரும் அபராதம் பிடிக்கக்கூடாது என்பது எழுதப்பட வேண்டும். ஊழியர் தரப்பிலிருந்து எவரும் கேட்காவிட்டால், இவற்றில் ஒன்றுகூட அதில் இடம்பெறப் போவதில்லை.

பெங்களூரு தோழரிடம் திரும்பி வருகிறேன். அவர் மறுநாள் ஷோரூமுக்குப் போய், ஒவ்வொரு வரிக்கும் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். ஹேண்ட்லிங் கட்டணம் மறைந்தது. துணைப்பொருட்கள் பாதியாயின. காப்பீட்டை வெளியில் எடுத்துக்கொள்கிறேன் என்றபோதுதான், அதுவரை சிரித்த முகத்தோடு பேசிய விற்பனை இளைஞரின் முகம் வாடியது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன். வெளியே வந்து வழியனுப்பும்போது, “உங்க பேர்ல தப்பில்லைங்கண்ணா. காப்பீடு இங்க எடுக்கலன்னா இந்த வண்டிக்கு எனக்கு இன்சென்டிவ் கிடையாது, அவ்வளவுதான்” என்றாராம். தோழர் ஒரு கணம் தயங்கியிருக்கிறார். வெளியில்தான் காப்பீடு எடுத்தார். வித்தியாசம் அவருக்கு ஒரு மாதத் தவணையில் பெரும்பகுதி. அந்த இளைஞரின் தொலைபேசி எண்ணை வாங்கி வந்து சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறார். வாரத்தில் ஞாயிறுதான் ஷோரூமில் கூட்டம் அதிகம், அன்று விடுமுறை கிடைக்காது, கூட்டத்தை வேறு நாளில் வைத்தால் இன்னும் நான்கைந்து பேரோடு வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறாராம். கூட்டம் செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது.