வாடாத செடியும் சிவப்புப் பேனாவும்



செபராங் ஜெயாவில் என் வீட்டின் பின்புறத்தில் ரணகள்ளி வளர்கிறது. நம் பாட்டிமார் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றழைத்த அதே செடிதான். சென்ற ஆண்டு அதன் இலைகளை என் மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஈரமண்மேல் கிடத்திய இலைகளின் விளிம்பிலிருந்து சில வாரங்களில் வேரும் குருத்தும் வெளிப்பட்டன. அக்கன்றுகளைப் பால் டின்களில் நட்டோம்.

பின்னர், தாவரங்களின் தேவைகள் பற்றிய அறிவியல் பாடம் வந்தது. ஒரு டின்னுக்கு நாள்தோறும் நீர். மற்றொன்றுக்கு நீரே இல்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், நீர் பெற்ற கன்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்திருந்தது. நீர் பெறாதது, இலைகள் சற்றே மெலிந்தாலும், நிமிர்ந்து நின்றது. ஆயினும் ‘நீர் இல்லாத செடி வாடியது’ என்றே ஏறக்குறைய எல்லாரும் எழுதியிருந்தனர். ஒருவன் மட்டும் கண்டதைக் கண்டவாறே எழுதினான். நானோ பழக்கதோஷத்தால் சிவப்புப் பேனாவால் பிழையிட்டேன். அவன் டின்னைத் தூக்கி வந்து, “டீச்சர், இங்கப் பாருங்க” என்றான்.

அன்றிரவு இச்செடியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தரங்கம்பாடிக்குச் சமயப்பணியாற்ற வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை நிருவாகத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், இதே செடியின் இலையைச் சுவைத்துப் பார்த்திருக்கிறார். காலையில் புளிப்பு, நண்பகலில் சுவையில்லை, மாலையில் இலேசான கசப்பு. உணர்ந்ததை அப்படியே எழுதினார். 1815-இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் இதழில் அது வெளிவந்தது. காரணம் வெகுகாலம் கழித்தே விளங்கியது. இச்செடி பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காக்கிறது. இரவில் திறந்து கரியமிலவாயுவை வாங்கி அமிலமாகச் சேமிக்கிறது. மறுநாள் வெளிச்சத்தில் அதைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. (மாணவர்களைச் சுவைக்க விடாதீர்கள், இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள் இதிலுண்டு.)

பாடநூல் பொய் சொல்லவில்லை. எல்லாச் செடிக்கும் நீர் வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதில்தான் வேறுபாடு. வளர்க்க விரும்புவோர் டின்னின் அடியில் துளையிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டு, சன்னலோரம் வைத்து, மண் நன்கு காய்ந்த பின்னரே நீர் ஊற்றுக. அடித்தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஏடிஸ் கொசுவும் குடியேறும்.

என் வருத்தம் வேறு. கண்ணெதிரே நிமிர்ந்து நின்ற செடியை ‘வாடியது’ என்றெழுத அத்தனை பிள்ளைகளையும் பழக்கியவர்கள் நாம்தாம். மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அப்பிழைக்குறியை நீக்கிச் சரியிட்டேன். அவன் தாயார் தொலைபேசியில் கேட்டார்: “சரிங்க டீச்சர், சோதனையில இப்படி எழுதுனா மார்க் கிடைக்குமா?”

நான் திருத்தினால் கிடைக்கும் என்றேன். வேறொருவர் திருத்தினால்? செடியின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.