முங்கியவள் எழும்பும் வரை

வங்கியில் என் மேசைக்கு வருகிற காகிதங்களில் சாவுக் காகிதங்களும் உண்டு. 'இருபது ரூபாய் இன்சூரன்ஸ்' என்று ஊரில் சொல்வார்கள். 2015இல் வருசத்துக்கு 12 ரூபாயாகத் தொடங்கி, 2022இல் 20 ரூபாயாக்கிய பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு. விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். நோயில் செத்தால் ஒன்றும் கிடையாது.

நான் வேலை பார்ப்பது மன்னார் வளைகுடா ஓரத்தில் ஒரு சின்னக் கிளையில். அப்படி வந்த ஒரு காகிதம் திரும்பி வந்துவிட்டது. செத்தவர் பாசி எடுக்கக் கடலுக்குப் போன ஒரு பெண். கரைக்குக் கொண்டுவந்தார்கள், அழுதார்கள், அடக்கம் செய்தார்கள். போஸ்ட்மார்ட்டம் இல்லை, போலீஸ் எஃப்.ஐ.ஆர். இல்லை. யாரோ ஒரு சீட்டில் 'மாரடைப்பு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாரடைப்பு இயற்கை மரணம். ஆகவே பணம் இல்லை. 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதியிருந்த அந்தக் காகிதத்தைக் கவுண்டருக்கு வெளியே நின்றிருந்த அக்காவிடம் நீட்டிய கை என்னுடையது.

அந்த அக்கா செத்தவருக்கு நாத்தனார். அன்றைக்குக் கூடவே முங்கியவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம் மதினி முங்குனுச்சு. எழும்புச்சு. மூஞ்சியைப் பாத்தேன் தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு. நான் பைய இழுத்துக் கட்டிட்டுத் திரும்புறேன், ஆளக் காணோம். கத்தல, கையத் தூக்கல, ஒரு சத்தமும் இல்ல. கடல்ல முங்கிச் சாகுறவ கத்தமாட்டாளா தம்பி? அதான் எல்லாரும் நெஞ்சுவலின்னு சொல்லிட்டாக."

கத்தமாட்டாள் என்பதுதான் உண்மை. அது தெரியாததால்தான் அந்த 2 லட்சம் போனது. அது தெரியாததால்தான் அந்த உயிரும் போயிருக்கலாம்.

மூச்சடக்கி முங்குகிறவர்களுக்கு வருகிற மயக்கம் சத்தமில்லாதது. அக்காவிடம் கேட்டேன், முங்குவதற்கு முன்னால் என்ன செய்வீர்கள் என்று. "பத்துப் பதினஞ்சு தடவ வேகவேகமா மூச்ச இழுத்து இழுத்து விடுவோம். அப்பத்தான் தம் நிக்கும்" என்றார். தம் நிற்பது உண்மைதான். ஆனால் அது ஏன் நிற்கிறது? வேகமாக மூச்சு விட்டால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாக ஏறுவதில்லை. கரியமில வாயு வெளியேறிவிடுகிறது, அவ்வளவுதான். மூச்சு முட்டுகிறது, மேலே போ என்று நமக்குள் அடிக்கிற மணியை அடிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயு சேர்வது. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் மணி தாமதமாக அடிக்கும். அடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். விளக்கை அணைத்த மாதிரி நினைவு போய்விடும். இதற்கு ஆழம்கூட வேண்டியதில்லை. நீச்சல் குளத்திலேயே செத்திருக்கிறார்கள்.

ஆழம் சேர்ந்தால் இன்னொரு கண்ணியும் சேர்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தம் நுரையீரலில் மிச்சமிருக்கிற ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளிக்கொடுக்கும். கீழே இருக்கிறவரை 'இன்னும் தாங்கும்' என்று தோன்றும். மேலே ஏற ஏற அழுத்தம் பாதியாகிறது, ஆக்சிஜனும் சரசரவென்று இறங்குகிறது. கடைசிச் சில மீட்டரில், அல்லது தலையை வெளியே நீட்டி மூச்சு விட்ட சில நொடிகளில், மயக்கம் போடுகிறது. மதினியின் முகம் 'நல்லாத்தான்' இருந்ததற்கும், திரும்புவதற்குள் ஆளைக் காணாமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வேக மூச்சின் ஆபத்தை அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிரேக் 1961இல் எழுதிவிட்டார். அதே 1961இல்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அறுபது வருசத்துக்கு மேலாகிறது. அந்தச் செய்தி நம் கரைக்கு இன்னும் நடந்துவரவில்லை.

பாதுகாப்புக் கருவி என்று பேச்செடுத்தால் நம்மாட்கள் உடனே லைஃப் ஜாக்கெட்டைக் காட்டுகிறார்கள். கொடுத்துவிட்டுப் போட்டோ எடுக்க வசதியானது. ஆனால் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முங்க முடியாது தோழர்களே. அது படகில் உட்கார்ந்து போகிறவனுக்கு. முங்கிப் பிழைப்பவளுக்கு அது கரையில் காயப்போடுகிற துணி. அவளிடம் இன்றைக்கு இருக்கிற கருவிகள் இவை: ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காமல் விரலில் சுற்றிய துணி, சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் சட்டை, காலுக்கு ரப்பர். எல்லாம் அவளே செய்துகொண்டது.

முங்குகிறவர்களுக்கென்றே ஒரு கருவி உண்டு. ஈட்டி மீன்பிடிப்பில் சாம்பியனாக இருந்த டெர்ரி மாஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய சட்டை. எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் சிறு குப்பியிலிருந்து வாயு பாய்ந்து சட்டை உப்பி, மயங்கியவரை மேலே தூக்கி வந்துவிடும். நல்ல கருவிதான். எனக்கு அதன்மேல் கோபமில்லை. ஆனால் அதன் விலையில் நம் பாசிக்காரக் குடும்பம் பல மாதம் சாப்பிடும். அதைவிட முக்கியமானது, அது யாரை நினைத்துச் செய்தது என்பது. 'இத்தனை நிமிசம் போதும்' என்று தானே முடிவு செய்ய முடிந்தவனுக்கு அது பொருந்தும். நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப முங்குகிறவளுக்கு நிமிசத்தைக் குறிப்பது கிலோவுக்கு வியாபாரி சொல்கிற விலை.

விலை உயர்ந்த கருவி மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2002 அக்டோபரில் டொமினிக்கன் குடியரசுக் கடலில் உலக சாதனைக்காக 171 மீட்டர் ஆழம் இறங்கினார் பிரான்சு நாட்டு ஓட்றி மெஸ்த்ரே. மேலே தூக்கிவர வேண்டிய பலூனை நிரப்பும் உருளையில் போதிய காற்று இல்லை. சுற்றிலும் ஆட்கள், காமிராக்கள், படகுகள். அந்த உருளையைச் சரிபார்க்க வேண்டிய ஒரு கை இல்லை. அவர் பிழைக்கவில்லை.

ஆக, கருவி என்பது முதலில் ஒரு ஆள்.

இதை நம் கரை முன்பே தெரிந்து வைத்திருந்தது. பழைய முத்துக்குளிப்பில் ஐந்திலிருந்து பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். மேலே படகில் ஒருவன் கயிறு பிடித்து நிற்பான். கீழேயிருந்து இழுப்பு வந்ததும் தூக்குவான். முங்குகிறவனின் உயிர் அந்தக் கயிறு பிடித்தவன் கையில். சுறா வராமல் வாய்கட்ட 'கடல்கட்டி' என்று ஒரு மந்திரக்காரரும் இருந்தார். அவருக்குப் படகுக்கு இத்தனை சிப்பி என்று பங்கு. வெள்ளைக்காரச் சர்க்காரும் அவரை ஏற்றுக்கொண்டு வைத்திருந்தது. மந்திரத்தால் சுறா வாய் மூடாது. ஆனால் முங்குகிறவனின் பயத்துக்குச் செலவு செய்ய வேண்டும் என்று அந்த ராஜ்யத்துக்குத் தெரிந்திருந்தது. காரணம் எளிது. முத்தில் அதற்குப் பங்கு இருந்தது. பாசியில் பங்கு யாருக்கு? இந்தப் பெண்கள் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் கம்பெனிகளுக்குப் போய் அகராகவும் ஆல்ஜினாகவும் மாறி, யார் யாருடைய ஐஸ்கிரீமிலோ மருந்திலோ சேர்கின்றன. அந்தச் சங்கிலியில் யாரும் கயிறு பிடிக்கவில்லை.

நானும் கவிதை எழுதுகிறவன். 'மூச்சடக்கி முத்தெடுத்தேன்' என்கிற தினுசில் காதலுக்கு உவமை எழுதியிருக்கிறேன். கொற்கை முத்தைப் பாடிய நம் இலக்கியம், அந்த முத்துக்கு அடக்கிய மூச்சை அவ்வளவு பாடவில்லை. 'கடையர்' என்று ஒரு பெயர் இந்தக் கரையில் உண்டு. சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்டவர்கள் என்று 1909இல் தர்ஸ்டன் எழுதி வைத்தார். கடையன் என்ற பெயர் இன்றும் பட்டியல் சாதிகளின் பட்டியலில் இருக்கிறது. சுண்ணாம்பு கோயில் சுவருக்கும் அரண்மனைச் சுவருக்கும் போனது. சுட்டவனுக்குக் 'கடை' என்ற பெயர் மிஞ்சியது. இன்றைக்குப் பாசிக்கு முங்குகிற எல்லாரும் ஒரே சாதி என்று நான் சொல்லவில்லை. பிறருடைய சுவருக்காகத் தன் உடம்பையே கருவியாக்குகிறவர்களின் வரிசையை மட்டும் காட்டுகிறேன்.

ஒரு தோழர் கேட்டார்: "கருவி கேட்பது சீர்திருத்தவாதம் இல்லையா? மலக்குழிக்கு நாம கருவியா கேட்டோம்? இறங்கவே கூடாதுன்னுதானே சொன்னோம்?"

நியாயமான கேள்வி. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் சாக்கடையில் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைத்தான் அது 'அபாயகரமான சுத்தம் செய்தல்' என்கிறது. அப்படியானால் கையுறை கொடுத்தால் இறக்கலாமா? அந்த ஓட்டை வழியாக எத்தனை ஒப்பந்தக்காரர்கள் தப்பினார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. சாவு நிற்கவில்லை. அங்கே கருவி என்பது இறக்கிவிடுவதற்கான அனுமதிச் சீட்டு. ஆகவே அங்கே நம் கோரிக்கை ஒன்றுதான்: எவரும் இறங்கக் கூடாது.

கடல் அப்படி அல்ல. மலக்குழி சாதி அவன்மேல் சுமத்தியது. கடல் அவள் உரிமை கோருவது. "இது எங்க கடலு" என்று அந்த அக்கா சொல்லும்போது அதில் பெருமை இருக்கிறது. அமாவாசைக்குப் பின் ஆறு நாள், பௌர்ணமிக்குப் பின் ஆறு நாள் என்று மாதம் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பாசி அழியாமல் எடுக்கிற அந்தப் போராட்டத்துக்காகத்தான் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் 'சீகாலஜி' பரிசு கிடைத்தது. ஆகவே இங்கே கோரிக்கை வேறு: அவள் இறங்கலாம், அவள் கட்டாயம் எழும்ப வேண்டும்.

எழும்ப என்ன வேண்டும்? பெரிய செலவில்லை. ஒன்று, முங்குவதற்கு முன் வேகமூச்சு விடாத பழக்கம். இரண்டு, ஜோடி. ஒருத்தி முங்கும்போது ஒருத்தி மேலே சும்மா நின்று பார்ப்பது. எழும்பியதும் முகத்தைத் திருப்பிவிடக் கூடாது, அரை நிமிசமாவது பார்க்க வேண்டும். மூன்று, கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மிதவை, அதில் கட்டிய கயிறு. நான்கு, இடுப்பில் எடை கட்டுகிறவர்களுக்கு ஒரே இழுப்பில் கழன்று விழுகிற பெல்ட். ஐந்து, மயங்கியவளை மேலே கொண்டுவந்து, முகத்தைத் தண்ணீருக்கு வெளியே வைத்து, மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் ஊதத் தெரிந்த ஆள் ஒவ்வொரு வள்ளத்திலும்.

கொரியாவின் ஜெஜூ தீவில் 'ஹேன்யோ' என்ற முங்கும் பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அறுபது தாண்டியவர்கள். அவர்களிடம் 'தேவாக்' என்ற மிதவை உண்டு, முன்பு சுரைக்குடுக்கை, இப்போது ஸ்டைரோஃபோம். பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், வலைப்பையைக் கட்டலாம், இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று தூரத்துக்குச் சொல்லலாம். கூட்டமாகப் போவார்கள். ஊர்ச் சங்கம் நாள் குறிக்கும். 2016இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்து என்றது. அங்கேயும் சாவுகள் உண்டு. ஆனால் அந்தச் சாவை அரசாங்கம் எண்ணுகிறது.

இந்த மிதவையைப் பற்றி அக்காவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"கலர் மிதவை போட்டா காட்டாபீஸ் ஆளுக தூரத்துலயே பாத்துருவாகளே தம்பி. தீவுப் பக்கம் போனாலே பைய புடுங்குறாக. நாங்களே தல தெரியாம முங்குறோம், நீங்க கொடி கட்டச் சொல்றீக."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பாட்டி காலத்திலிருந்து முங்கிய இடத்தில் இன்றைக்கு அவள் திருடி. திருடியாக்கப்பட்டவள் எப்படி மிதவை கட்டுவாள்? தன்னைக் காட்டிக்கொடுக்கிற பொருளை எப்படிப் பாதுகாப்பு என்பாள்? பயத்தில் அவசரமாக முங்குகிறவள் எப்படி அரை நிமிசம் நின்று தோழியின் முகத்தைப் பார்ப்பாள்? ஆகவே அவளுக்கு முதல் பாதுகாப்புக் கருவி கடைக்குள் இல்லை. முங்குகிற உரிமை என்கிற காகிதத்தில் இருக்கிறது. அது கிடைத்தால் மிதவை தானாக மிதக்கும்.

தமிழ்நாட்டுக்குப் பாசிப் பூங்கா என்று 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கோடிகளில் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு வரி கேட்போம்: முங்குகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் மிதவை, கயிறு, மீட்புப் பயிற்சி. கடலில் முங்கிச் செத்த ஒவ்வொருவருக்கும் போஸ்ட்மார்ட்டம். எழுதுகிற டாக்டருக்கு, மூச்சடக்கி முங்குகிறவர்கள் சத்தமில்லாமல் மயங்கி மூழ்குவார்கள் என்ற அறிவு. 'மாரடைப்பு' என்ற ஒரு சொல் ஒரு குடும்பத்தின் 2 லட்சத்தையும், ஒரு சாவின் உண்மையையும் சேர்த்துப் புதைக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருத்தரங்கத்துக்கு வருகிற மாதிரியே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரைக்கு வாருங்கள். மருத்துவம், நர்சிங் படிக்கிறவர்கள் ஊதிக் காப்பாற்றுவதைக் கற்றுக்கொடுங்கள். சட்டம் படிக்கிறவர்கள் எஃப்.ஐ.ஆர். போடுவது எப்படி என்று கற்றுக்கொடுங்கள். முங்குவதை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

அந்த நிராகரிப்புக் காகிதத்துக்கு மேல்முறையீடு எழுதியிருக்கிறேன். ஜெயிக்குமா என்றால் கஷ்டம்தான், போஸ்ட்மார்ட்டம் இல்லையே. அக்காவின் வாக்குமூலத்தை அதில் இணைத்தேன். கைநாட்டு வைக்கும்போது கேட்டார்: "அப்ப எம் மதினி மூஞ்சிய நான் இன்னுங் கொஞ்ச நேரம் பாத்திருந்தா..."

பதில் சொல்ல முடியவில்லை. குற்றம் அவருடையது அல்ல என்று மட்டும் சொன்னேன். யாரும் உங்களிடம் சொல்லித்தரவில்லை அக்கா, அதுதான் குற்றம். அவர் மைப்பட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனார். அடுத்த அமாவாசை கழிந்ததும் மறுபடி இறங்கினார். இந்த முறை ஜோடியாக. ஒருத்தி முங்க, ஒருத்தி பார்க்க. பாதி நாள் பாசி குறைகிறதாம். அந்தப் பாதி நாள் கூலியை யார் கொடுப்பது என்று என்னிடம் கேட்கிறார். நான் உங்களிடம் கேட்கிறேன்.