முட்டை அமிலம் வைத்த ஜாடி வெடித்தது ஏன்?

கேள்வி: ''வாழைக்குத் தெளிக்க முட்டை அமிலம் போட்டோம். 10 முட்டைகளைக் கண்ணாடி ஜாடியில் அடுக்கி, மூழ்கும்வரை எலுமிச்சைச் சாறு ஊற்றி, மூடியை இறுக்கி அடுப்படியில் வைத்தோம். மூன்றாம் நாள் ஜாடி வெடித்துவிட்டது. அந்த நேரம் பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. மறுபடி பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தோம். பத்து நாளாகியும் ஓடு முழுதாகக் கரையவில்லை. எங்கே தவறு?''

- வாசகர், ஸ்ரீரங்கம் வட்டம், திருச்சி மாவட்டம்.

பதில்: முட்டை ஓட்டில் 90 சதவிகிதத்துக்கு மேல் இருப்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சையின் புளிப்பு அதன்மேல் பட்டதும் கரியமில வாயு வெளிவரும். கோலி சோடாவில் அடைக்கிற அதே வாயுதான். ஒரு முட்டை ஓடு முழுதாகக் கரைந்தால் ஒரு லிட்டருக்கும் மேல் வாயு உண்டாகும். 10 முட்டை என்றால் 10 லிட்டருக்கு மேல். இறுக்கி மூடிய சிறு ஜாடியில் அது எங்கே போகும்? பிளாஸ்டிக் டப்பா உப்பிக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடி, கடைசிவரை எதையும் காட்டாமல் சிதறிவிடும்.

வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளி அல்லது ஊறுகாய்ப் பரணியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு, வாயில் துணியைக் கட்டுங்கள். மூடி வேண்டாம். உலோகப் பாத்திரமும் கூடாது, புளிப்பு அரித்துவிடும். காற்றோட்டமான நிழலில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெல்லம் சேர்த்த பிறகு கரைசல் நொதித்து மறுபடியும் வாயு வரும். அப்போதும் துணிதான்.

ஏற்கெனவே உப்பிப்போன டப்பா இருந்தால் குலுக்காதீர்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைக் கொஞ்சமாகத் திருகுங்கள். 'உஸ்' சத்தம் அடங்கியபின் திறக்கலாம்.

ஓடு கரையாததற்கும் வாயு ஒரு காரணம். குமிழிகள் ஓட்டில் ஒட்டிக்கொண்டு முட்டையை மிதக்கவைக்கும். சாறு படாத மேல்பாகம் அப்படியே நிற்கும். தினமும் ஒருமுறை மரக்குச்சியால் மெதுவாகப் புரட்டிவிடுங்கள். இன்னொரு காரணம், சாறு போதாமை. ஒரு ஓடு கரைய நாலைந்து பழங்களின் சாறு தேவை. நுரை அடங்கியும் ஓடு மிஞ்சினால் புளிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். புதுச் சாறு ஊற்ற வேண்டும்.

அடியில் வெள்ளையாகப் படிவது கால்சியம் சிட்ரேட். அது தண்ணீரில் எளிதில் கரையாது. வடிகட்டித் தெளிக்கும்போது கால்சியத்தில் பெரும்பகுதி அந்த வண்டலில் நின்றுவிடும். அதைக் கொட்டிவிடாமல் எருக்குழியில் சேருங்கள். பச்சை முட்டை என்பதால் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அறுவடைக்குத் தயாரான கீரை, காய்கறிகள்மேல் தெளிக்காதீர்கள்.

வாழைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறை என்று சந்தேகம் இருந்தால், இந்தக் கரைசலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலும், தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.