நம் குறிப்புகள் யார் வீட்டில் இருக்கின்றன?

அண்மையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வஃபாத்தானார். வழக்கப்படி ஜனாஸா தொழுகைக்கு முன், அவர் யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் தெரிவிக்குமாறு மக்கள் அறிவித்தனர். அவர் கொடுக்கல் வாங்கலை ஒன்றுவிடாமல் எழுதிவைப்பவர் என்பது ஊரறிந்த செய்தி. முன்பெல்லாம் நீள நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்; கடைசி ஏழு ஆண்டுகளாகக் கைப்பேசியின் குறிப்புச் செயலியொன்றில் எழுதினார். கைப்பேசியைத் திறக்க முடிந்தது. செயலியோ கடவுச்சொல் கேட்டது. அதை மாற்றுவதற்கான குறியீடு, அவர் வளைகுடாவில் பணியாற்றிய காலத்தில் வைத்திருந்து எப்போதோ கைவிட்ட எண்ணுக்குச் சென்றது. நிறுவனத்துக்கு எழுதிய மடல்களுக்கு இயந்திரமே பதில் எழுதியது. நோட்டுப் புத்தகங்கள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. நாற்பதாண்டுக்கு முந்தைய அரிசி மண்டிப் பாக்கியைக்கூட அவற்றில் வாசிக்கலாம். கடைசி ஏழு ஆண்டுகள் மட்டும் இல்லை.

இதை விதியென்று சொல்லி நகர்ந்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. அவ்வசனத்தை நாம் ஓதுகிறோம், பயான்களில் விளக்குகிறோம். ஆனால் எழுதும் ஏட்டை மட்டும் பிறர் வீட்டில் கொண்டுபோய் வைக்கிறோம். அந்த வீட்டின் திறவுகோல் நம்மிடம் இல்லை. வாடகைச் சீட்டும் இல்லை. வீட்டுக்காரர் என்றைக்குக் கதவடைப்பார் என்பதும் தெரியாது.

கதவடைத்த வரலாறு புதிதன்று. யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகுள் ரீடர் 2013இலும், கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. யாஹூ குழுமங்கள் 2020இல் முற்றாக நின்றுபோயின. தமிழ் இணையத்தின் தொடக்க காலத்தில் மார்க்க விவாதங்களும் ஊர்ச் செய்திகளும் திருமண அறிவிப்புகளும் அத்தகைய குழுமங்களில்தாம் குவிந்திருந்தன. அவற்றில் எவ்வளவு யாருடைய கணினியில் எஞ்சியிருக்கிறது என்று வாசகர்கள் தத்தம் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும்.

நிறுவனங்களை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. நம் ஜமாஅத்துகள் வெளியிட்ட ஆண்டு மலர்களின் மூலக் கோப்புகளை எடுத்துப் பாருங்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கின்றன. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்ற பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியவற்றைத் திறக்கவே இன்று ஆளில்லை. நம் பாட்டனார்கள் அர்வி எனும் அரபுத் தமிழில் எழுதிய ஏடுகளைப் பேரர்களால் வாசிக்க முடியவில்லை என்று மேடைதோறும் வருந்துகிறோமே, அந்த எழுத்தாவது சில நூற்றாண்டுகள் வாழ்ந்தது. நாம் எழுதியது இருபதே ஆண்டுகளில் வாசிக்க முடியாததாகிவிட்டது.

ஆகவே நம் வாதம் இதுதான். குடும்பக் குறிப்புகளும், நாம் எழுதும் கட்டுரைகளும், பிள்ளைகள் எழுதும் நிரல்களும் ஒருங்குறியில் அமைந்த எளிய உரைக்கோப்புகளாக நம் கணினியிலேயே இருக்க வேண்டும். அவற்றை எழுதவும் தேடவும் நமக்கேற்ப வளைத்துக்கொள்ளத்தக்க ஓர் உரைத்தொகுப்பி வேண்டும். நாம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது ஈமாக்ஸ். விம் பயன்படுத்துவோரும் நம்மிடையே உள்ளனர். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம்மைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோள் முதல் திரையிலேயே தெரியும். மென்பொருளுக்கு விலை கேளாமல் அநாதைகளுக்கு உதவி கேட்ட அம்மனிதர் 2023இல் மறைந்தார். ஸதகாவைப் பற்றி நாள்தோறும் பேசும் நமக்கு அந்தத் திரை சற்று நாணத்தைத் தருகிறது.

ஈமாக்ஸ் 1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய குனு ஈமாக்ஸ் 1985இல் வெளிவந்தது. எட்டு மெகாபைட் நினைவகத்தை விழுங்குகிறது என்று அக்காலத்தில் அதைக் கேலி செய்தார்கள். இன்று வலீமா விருந்தில் எடுக்கும் இரண்டு நிழற்படங்களுக்கே அவ்வளவு இடம் தேவைப்படுகிறது. அதன் தனிச்சிறப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. நாம் அழுத்தும் ஒவ்வொரு விசைக்கும் பின்னால், பெரும்பாலும் லிஸ்ப் மொழியில் எழுதிய, ஒரு சிறு செயல் இருக்கிறது. அதன் பெயரைக் கேட்கலாம், விளக்கத்தைப் படிக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றி எழுதலாம். மூடித் திறக்கக்கூட வேண்டியதில்லை. மாற்றியது அக்கணமே நடைமுறைக்கு வரும்.

“இதெல்லாம் பொறியாளர்களுக்கு உரியது, நம் வீட்டுப் பெண்களுக்கு எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1978இல் பெர்னார்ட் கிரீன்பர்க் என்பவர் மல்டிக்ஸ் கணினிக்காக ஓர் ஈமாக்ஸை எழுதினார். அலுவலகச் செயலாளர்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். அவர்களிடம் கொடுத்த கையேட்டில், இக்கருவியைத் தேவைக்கேற்ப நீட்டித்துக்கொள்ளும் வழி விளக்கப்பட்டிருந்தது. அது நிரலாக்கம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. நிரல் எழுதத் தெரியாது என்று நம்பியிருந்த அவர்கள், அதையே செய்துமுடித்தார்கள். நம் உம்மாக்களும் ராத்தாக்களும் சீட்டுக் கணக்கையும் நகைக் கணக்கையும் நினைவிலேயே வைத்து நடத்துபவர்கள். அவர்களால் முடியாது என்பது அறியாதவர் பேச்சு.

இனி ஜகாத்துக்கு வருவோம். இங்கேதான் நமக்கு உண்மையான கவலை இருக்கிறது. ஜகாத் ஆண்டு சந்திர ஆண்டு. 354 அல்லது 355 நாள்கள். நம் கைப்பேசி நினைவூட்டலோ ஆங்கில நாள்காட்டியைப் பின்பற்றுகிறது. மார்ச் 31 என்று குறித்துவைத்து ஆண்டுதோறும் கணக்கிடுபவர், ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் பின்தங்குகிறார். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஒரு முழு ஜகாத் ஏழைகளுக்குச் சேராமல் போகிறது. ஆங்கில ஆண்டில்தான் கணக்கிட இயலும் என்போர் 2.5 விழுக்காட்டை ஏறத்தாழ 2.58 என உயர்த்திக் கொடுக்க வேண்டும். இது எத்தனை வணிகக் குடும்பங்களில் நடக்கிறது?

ஈமாக்ஸின் நாள்காட்டியைத் திறந்து எந்த நாளின் மீதும் நின்று ‘பி’, ‘ஐ’ என்ற இரு விசைகளை அழுத்தினால் ஹிஜ்ரித் தேதி தெரியும். நாள்குறிப்பிலும் ஹிஜ்ரித் தேதியிலேயே நினைவூட்டல் வைக்கலாம். அமைப்புக் கோப்பில் ஒரு முறை ஓரிரு வரி சேர்த்தால் போதும். ரமளான் பத்து என்று எழுதினால், ஆங்கிலத் தேதி எங்கே நகர்ந்தாலும் ஆண்டுதோறும் ரமளான் பத்தன்று அது நம்மை எழுப்பும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அது கணக்கிட்ட நாள்காட்டி, பிறை பார்த்து அறிவிப்பதற்கும் அதற்கும் ஒரு நாள் முன்பின் வரலாம். மஃரிபில் நாள் தொடங்குவதையும் அது கணக்கில் கொள்வதில்லை. பிறைச் சண்டையை இதற்குள்ளும் இழுத்துவர வேண்டாமென்று சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நினைவூட்டலைக் கண்டதும் உள்ளூர்ப் பிறையைப் பார்த்துக்கொண்டால் முடிந்தது.

அன்றாடக் குறிப்புக்கு ஆர்க் மோட் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தம் சொந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த எழுதியது அது. வரியின் தொடக்கத்தில் ஓர் உடுக்குறி இட்டால் தலைப்பு. இரண்டு இட்டால் துணைத்தலைப்பு. கடன் ஒரு தலைப்பு, ஜும்ஆ பயான் குறிப்பு ஒரு தலைப்பு, வாப்பாவின் மருந்து ஒரு தலைப்பு. நாளையே ஈமாக்ஸ் உலகிலிருந்து மறைந்துபோனாலும் அக்கோப்பை எந்தக் கணினியிலும் எந்தச் சாதாரண மென்பொருளிலும் வாசிக்கலாம். அதே கோப்பை வலைப்பூவுக்குரிய பக்கமாகவும் மாற்றிக்கொள்ளலாம். வலைப்பூ மூடப்பட்டாலும் கட்டுரை நம்மிடம் இருக்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை பைத்தான் நிரலையும் அதன் விளக்கத்தையும் விடையையும் ஒரே கோப்பில் வைத்து இயக்கிப் பார்க்கலாம்.

தமிழுக்கிடையே அரபி எழுத முயன்றவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். இடமிருந்து வலமாகச் செல்லும் வரியில் வலமிருந்து இடமாக ஒரு துஆ வந்தால் பல செயலிகளில் நிறுத்தற்குறி எங்கோ பாய்ந்துவிடும். ஈமாக்ஸ் 2012இல் வந்த 24ஆம் பதிப்பு முதல் இருதிசை எழுத்தைக் கையாள்கிறது. தமிழ் உள்ளீட்டு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. கட்டுப்பாட்டு விசையோடு பின்சாய்கோட்டை அழுத்தினால் மொழி மாறும். ஆனால் முனையத் திரையில் இயக்கினால் தமிழின் கொம்பும் காலும் பல நேரம் இடம் பிசகும். தனிச் சாளரத்திலேயே பயன்படுத்துங்கள்.

“வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்கிறேன், அது போதாதா?” என்று ஒரு நண்பர் வாதிட்டார். மூன்றாண்டுக்கு முன் அனுப்பிய மளிகைப் பாக்கியைத் தேடித் தருமாறு கேட்டோம். நூற்றுக்கணக்கான ஜும்ஆ முபாரக் படங்களுக்கிடையே விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

மற்றொரு வகையினரையும் சொல்லாமல் விட முடியாது. ஈமாக்ஸைக் கற்றுக்கொண்ட நம் இளைஞர் சிலர் மூன்றிரவு விழித்துத் திரையின் வண்ணத்தை மாற்றுகின்றனர், எழுத்துருவை மாற்றுகின்றனர், அடுத்தவர் அமைப்புக் கோப்பை இறக்கித் தம்முடையதோடு ஒட்டுகின்றனர். குறிப்பு ஒன்றுகூட எழுதியிருக்க மாட்டார்கள். உளூச் செய்துகொண்டே இருந்து ஜமாஅத்தைத் தவறவிட்டவனுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு நமக்குத் தெரியவில்லை. முதல் மாதம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். எது இடறுகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள்.

கற்பது கடினம் என்ற குறை உண்மைதான். முதல் வாரம் கை திணறும். வெளியேறும் விசையே மறந்துபோகும். குர்ஆன் மதரஸாவில் அலிஃப், பா, தா கற்ற நாளிலும் நாம் திணறினோம். கைப்பேசியில் மட்டுமே எழுதுவோருக்கு இதுவரை இடமில்லாதிருந்தது. 2025 பிப்ரவரியில் வந்த முப்பதாம் பதிப்பு ஆண்ட்ராய்டிலும் இயங்குகிறது. சிறு திரையில் அது அவ்வளவு வசதியாக இல்லை என்பதே நம் அனுபவம். கோப்புகளைக் கணினியில் எழுதி, ஒரு படியைக் கைப்பேசியிலும் மற்றொரு படியைத் தனி யூ.எஸ்.பி.யிலும் வைத்துக்கொள்கிறோம்.

கடனும் வஸிய்யத்தும் பிறர் கண்ணில் படக்கூடாதே என்பார்கள். கோப்பை மறையாக்கம் செய்து பூட்டும் வசதியும் ஈமாக்ஸில் உண்டு. திறக்கும்போது கடவுத்தொடர் கேட்கும். அந்தத் தொடரை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, மனைவியிடமோ மூத்த மகளிடமோ கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அந்தப் பெரியவரின் மக்கள் நின்ற இடத்தில் நம் மக்களும் நிற்பார்கள்.

அவர்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். கடன் கொடுத்ததாக வந்தவர்களில் மூவருக்கு, அவர்கள் சொன்ன சொல்லையே ஏற்றுப் பணம் கொடுத்துவிட்டனர். வாப்பா யாருக்கோ ஒரு தொகையைக் கைமாற்றாகக் கொடுத்திருந்தார் என்று உம்மா சொல்கிறார். அது யாரென்பது அவருக்கு நினைவில்லை. வாங்கியவரும் இதுவரை வரவில்லை.