சாம்பல் சாட்சி சொல்லாது!

தோழரே,

மரம் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலை அள்ளி எடுத்து, "நீ எந்தக் காட்டில் நின்றாய்? எத்தனை ஆண்டு வாழ்ந்தாய்? பலகை அறுத்தபோது உதிர்ந்த தூளா நீ? அல்லது கோடரிக்கு இரையான முதுமரமா?" என்று கேட்டுப் பாருங்கள். விடை வராது. ஆனால், அந்த விடையை நம்பித்தான் பிரிட்டன் நாட்டு மக்களின் பணம் 2,200 கோடி பவுன், நம் நாணயத்தில் இரண்டு இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல், உயிர்மப் பொருளை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுப்போருக்கு அள்ளி வழங்கப்பட்டிருக்கிறது!

எங்கோ நடக்கும் இச்செய்தி நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். காற்றுக்கு எல்லைக்கோடு இல்லை. பொதுப்பணத்துக்குரிய அறமும் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரில், டிராக்ஸ் என்றொரு சிற்றூர். அவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கும் அனல்மின் நிலையம் 1974இல் நிலக்கரியை எரிக்கத் தொடங்கியது. 2013 முதல் 2018க்குள் அதன் ஆறு அலகுகளில் நான்கு, மரம் எரிக்கும் அலகுகளாக மாற்றப்பட்டன. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் மரம் தூளாக்கப்பட்டு, அழுத்தப்பட்டு, விரல் பருமன்கூட இல்லாத சிறு வில்லைகளாகிக் கப்பலேறுகிறது. கடல் கடந்து வந்து, உலையிலே விழுந்து, அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத் தருகிறது.

மரத்தை எரித்தால் புகை வராதா? வரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, நிலக்கரியைவிடச் சற்று அதிகமாகவே கரியமில வாயு வரும். ஆயினும் மின் நிலையத்தின் கணக்கேட்டில் அப்புகைக்கு இடப்படும் எண் சுழியம்! காரணம் கூறுகின்றனர்: வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளரும், வளரும் மரம் வெளியேறிய வாயுவைத் திரும்ப உறிஞ்சும், இழப்பு ஏதேனும் இருந்தால், மரம் வெட்டப்பட்ட நாடு தன் நிலக்கணக்கில் எழுதிக்கொள்ளும் என்று. இப்படி எழுதும் முறையில் பெரும் ஓட்டை இருப்பதை 2009ஆம் ஆண்டிலேயே திமோத்தி சர்ச்சிங்கர் முதலான அறிஞர்கள் 'சயின்ஸ்' இதழில் சுட்டிக்காட்டினர். எரிப்பது ஒரு நொடி. வளர்வது பல பத்தாண்டுகள். இந்த இடைவெளியைச் சுழியம் என்னும் ஒற்றை எண் மூடி மறைக்கிறது.

ஆகவே, மரம் எரிப்பது பசுமையா இல்லையா என்பது உலைவாயிலில் முடிவாகும் வழக்கன்று. காட்டில் முடிவாகும் வழக்கு. அறுவை ஆலையில் வீணாகும் தூளை எரித்தால் அது ஒரு கதை. கோடரி படாத முதுகாட்டை வீழ்த்தி எரித்தால் அது வேறு கதை. சட்டமும் இதை உணராமலில்லை. மின்சாரம் தரும் நிறுவனம் சான்றிதழ் பெறும். அச்சான்றிதழுக்கு விலை உண்டு. அவ்விலை வீட்டு மின்கட்டணத்தில் ஏறும். 2015 டிசம்பர் முதல், நிலைத்த தன்மையை மெய்ப்பித்தால்தான் சான்றிதழ் என்பது விதி. மரத்தில் 70 விழுக்காடேனும் நிலைத்த முறையில் பேணப்படும் காட்டிலிருந்து வர வேண்டும். எஞ்சியது சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால் போதும்.

விதி இருக்கிறது. சோதிப்பவர் யார்? இங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது!

மரவில்லை செய்பவர் தம் காட்டைப் பற்றித் தாமே எழுதித் தருகிறார். அதைச் சரிபார்க்கும் தணிக்கையாளரை அமர்த்துபவரும் அவரே. ஊதியம் தருபவரும் அவரே. சான்றளிக்கும் திட்டங்களில் முதன்மையானது 2013இல் பிறந்தது. அதைப் பெற்றெடுத்தவர் யார்? மரவில்லைகளை வாங்கி எரிக்கும் மின் நிறுவனங்களே! மானியம் பெறுபவர் மாணவர். வினாத்தாள் வகுத்தவர்களில் அவரும் ஒருவர். திருத்துபவருக்குக் கூலி கொடுப்பவர் அவருடைய கூட்டாளி. இத்தகைய தேர்வில் தோற்றவர் பட்டியலை யார்தான் கண்டிருக்கிறார்கள்?

2022 அக்டோபரில் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆதிக்காடுகளில் வெட்டிய மரம் இவ்வில்லைகளுக்குப் போகிறது என்று காட்டியது. நிறுவனம் மறுத்தது. 2023 மே மாதம், எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் விசாரணை தொடங்கியது. 2024 ஆகஸ்டில் முடிவு வந்தது. 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை கனடாவிலிருந்து வந்த மரம் எத்தகைய காட்டினது, அதில் பலகைக்கு ஏற்ற தடிமரம் எவ்வளவு என்னும் விவரங்களைச் சரிவரத் தரவில்லை. தரவுகளைக் காக்கும் முறையும் போதுமானதாக இல்லை என்றது ஆணையம். நிறுவனம் 2 கோடியே 50 இலட்சம் பவுன் செலுத்த இசைந்தது. தண்டம் என்றுகூட அதற்குப் பெயரில்லை. தானாக முன்வந்து தரும் ஈட்டுத்தொகை என்று பெயர்!

அதே ஆணையம் இன்னொன்றும் கூறிற்று: மரம் நிலைத்த தன்மை அற்றது என்பதற்கோ, சான்றிதழ்கள் தவறாக வழங்கப்பட்டன என்பதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை என்று. நேர்மையோடு பேசும் நாம் இதையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டுக் கேட்கவும் வேண்டும். கணக்கேடே சரியாக இல்லை என்று கண்ட பிறகு, அந்த ஏட்டில் குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்பது குற்றமின்மைக்குச் சான்றாகுமா? குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது வேறு. தகுதி மெய்ப்பிக்கப்பட்டது என்பது வேறு. சிறைக்கு அனுப்புமுன் முதலாவதைக் கேட்க வேண்டும். கருவூலத்தைத் திறக்குமுன் இரண்டாவதைக் கேட்க வேண்டும்.

மதுரை மன்றத்திலே கண்ணகி சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்தது மாணிக்கம். பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பிய மன்னன் உண்மையைக் கண்டு வீழ்ந்தான். சிலம்புக்கு உள்ளே சான்று இருந்தது, தோழரே! மரவில்லையை உடைத்துப் பாருங்கள். உள்ளேயும் தூள், வெளியேயும் தூள். நூறு காடுகளின் மரம் ஒன்றாய்க் கலந்த தூள். ஆகவே ஏடு ஒன்றுதான் சாட்சி. அந்த ஏட்டை எழுதும் கை, பணம் வாங்கும் கையாக இருந்தால், பொற்கொல்லனையே மீண்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம் என்றுதானே பொருள்?

இது நம் வாய்வீச்சு அன்று. 2024 ஜனவரியில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம், இப்போதுள்ள ஏற்பாடுகள் தொழில்துறை விதிகளைக் கடைப்பிடிக்கிறது என்னும் நம்பிக்கையைத் தரப் போதுமானவை என்று அரசால் மெய்ப்பிக்க இயலவில்லை எனக் கூறியது. 2025 ஏப்ரலில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவும் அதே குறையைக் கடிந்துரைத்தது. 2025 ஆகஸ்டில், மரத்தின் மூலம் பற்றி நிறுவனம் வெளியிட்ட கூற்றுகள் குறித்து நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்பும் விசாரணை தொடங்கியது.

மறுபக்கத்தார் வாதம் இல்லாமலில்லை. காற்று வீசாத இரவில் காற்றாலை நிற்கும். அப்போது விளக்கெரியச் செய்வது எது என்கின்றனர். நியாயமான கேள்வி. அறுவை ஆலைக் கழிவும் விலைபோகாத மரமுமே பெரும்பங்கு என்கின்றனர். இருக்கலாம். ஆலையில் உழைக்கும் தொழிலாளர் நிலை என்ன என்கின்றனர். அவர்களைக் கைவிடும் எண்ணம் நமக்கு ஒருநாளும் இல்லை. ஆனால், இவற்றுள் எதுவும், "சான்று காட்டுக" என்பதற்கு மறுமொழி ஆகாது. கழிவுதான் எரிகிறது என்றால், காட்டுவதில் தயக்கம் ஏன்? மெய்யாகவே கழிவை எரிப்பவனுக்குக் கடுமையான சோதனை கேடு செய்யாது, பேர்தான் சேர்க்கும்.

2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு புதிய உடன்பாடு ஒன்றை அறிவித்தது. 2027 முதல் 2031 வரை மானியம் ஏறத்தாழப் பாதியாகும். நிலையம் தன் திறனில் 27 விழுக்காட்டுக்கு மேல் மானியத்தோடு ஓடாது. மரம் 70 அன்று, 100 விழுக்காடும் நிலைத்த முறையில் பெறப்பட வேண்டும். ஆதிக்காட்டு மரத்துக்கு இடமில்லை. வரவேற்கிறோம். எனினும் ஒரு வினா. அளக்கும் கோல் அதே கோல், அளக்கும் கை அதே கை என்றால், 70க்கும் 100க்கும் என்ன வேறுபாடு? எண் உயர்ந்துவிடும்; உண்மை உயர்ந்துவிடுமா?

எனவே நாம் கேட்பவை மூன்று. மெய்ப்பிக்கும் பொறுப்பு, பணம் பெறுபவன் தலையில் இருக்க வேண்டும். ஐயம் எழுப்புபவன் தலையில் அன்று. தணிக்கையாளரை அமர்த்துவதும் ஊதியம் தருவதும் பொதுமன்றத்தின் கையில் இருக்க வேண்டும். வெட்டிய காட்டுக்கே அவர் நேரில் சென்று பார்க்க வேண்டும். சான்று முதலில், பணம் பிறகு. சான்று பொய்த்தால் பணம் திரும்ப வர வேண்டும்.

தோழரே, மானியத்துக்கு நாம் பகைவர் அல்லோம். மக்கள் பணம் மக்கள் நலனுக்குச் செல்வதே நம் கொள்கை. அக்கொள்கையை நேசிப்பவன்தான் கணக்கைக் கடுமையாகக் கேட்க வேண்டும். ஏனெனில், ஒரு பொய்க்கணக்கு வெளிப்படும் நாளில், மெய்யான பசுமைத் திட்டங்கள் பத்தின்மீதும் சேறு விழும். 'பசுமை' என்னும் சொல் மேடையில் ஒலிக்கும்போது கைதட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள். ஏட்டைக் கேளுங்கள். ஏட்டை எழுதியவர் யார் என்று கேளுங்கள். அவருக்குக் கூலி கொடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். மரம் உலையில் விழுமுன் கேளுங்கள். விழுந்த பின் கேட்பதற்குச் சாம்பல்தான் இருக்கும்!